பரு தெரிவதற்கு எட்டு வாரம் முன்பு: பதின்வயது முகப்பருவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாளைக்கு வகுப்பில் குழுப் புகைப்படம். இன்று காலை கண்ணாடியைப் பார்த்தால் மூக்கு நுனியில் செக்கச்செவேலென்று ஒன்று முளைத்து நிற்கிறது. உடனே மனம் நேற்றைத் தோண்டத் தொடங்கிவிடும். நேற்று என்ன சாப்பிட்டோம்? முகம் கழுவாமல் தூங்கிவிட்டோமா? வேறு யாருடைய துண்டையாவது எடுத்துத் துடைத்தோமா?

நேற்றைத் தோண்டிப் பயனில்லை. அந்தப் பருவுக்கான விதை விழுந்து ஏறக்குறைய எட்டு வாரம் ஆகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்ன அடைப்பாகத் தோலுக்குள் தொடங்கி, நிரம்பி, வீங்கி, இன்றுதான் வெளியே தலைகாட்டியிருக்கிறது. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பருவைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு கிரீம் ஏன் மூன்று நாளில் வேலை செய்வதில்லை, பரு இல்லாத இடத்திலும் ஏன் மருந்து தடவச் சொல்கிறார்கள், நன்றாகிவிட்டதே என்று நிறுத்தினால் ஏன் திரும்ப வருகிறது, எல்லாவற்றுக்கும் பதில் அந்த எட்டு வாரத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 12 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 85% பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது. வகுப்பில் பரு வராத முகம்தான் விதிவிலக்கு.

தோலுக்குள் என்ன நடக்கிறது

முகத்தில் உள்ள ஒவ்வொரு பூனைமுடியும் ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கிறது. அந்த மயிர்க்காலை ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். அது சுரக்கும் எண்ணெய்ப்பசைக்கு சீபம் என்று பெயர். தோல் வறண்டுபோகாமல் காப்பது அதன் வேலை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுரப்பி கிடையாது, அங்கே பருவும் வராது. நெற்றி, மூக்கு, கன்னம், தாடை, மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் சுரப்பிகள் நெருக்கமாகவும் பெரிதாகவும் இருக்கின்றன. பரு அங்கேயே சுற்றிச்சுற்றி வருவதற்குக் காரணம் இதுதான்.

பருவ வயது தொடங்கும்போது ஆண்ட்ரோஜென் என்ற ஹார்மோன் வகை உடலில் கூடுகிறது. ஆண்பிள்ளைகளுக்கு அதிகமாக, பெண்பிள்ளைகளுக்குக் குறைவாக, ஆனால் இருவருக்கும்தான். அதன் தூண்டுதலில் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து அதிகமாகச் சுரக்கின்றன. அதே சமயம், குழியின் உட்சுவரிலிருந்து இயல்பாக உதிர்ந்து வெளியேற வேண்டிய செத்த தோல் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் செத்த செல்களும் சேர்ந்து ஒரு மூடி போல அடைத்துவிடுகின்றன. எட்டு வாரக் கதை இந்த இடத்தில் தொடங்குகிறது.

அடைபட்ட குழிக்குள் காற்று குறைவு, எண்ணெய் நிறைய. கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. (2016 வரை அதற்கு ப்ரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று பெயர். பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருக்கும்.) அது வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை. பரு இருப்பவர், இல்லாதவர் எல்லோர் தோலிலும் சும்மா வாழ்கிற ஒன்று. அடைப்புக்குள் அது பெருகும்போது உடலின் எதிர்ப்பு சக்தி சண்டைக்குக் கிளம்புகிறது. அந்தச் சண்டைதான் சிவப்பு, வீக்கம், வலி, சீழ். ஆகவே பரு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை.

"முகத்தைச் சரியாகக் கழுவுவதில்லை, அதனால்தான்" என்று யாராவது சொன்னால், பிளாக்ஹெட்டைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கறுப்பு அழுக்கில்லை. குழியின் வாய் திறந்திருப்பதால் உள்ளே இருக்கும் எண்ணெயும் மெலனின் நிறமியும் காற்று பட்டுக் கறுத்துப்போகின்றன, அவ்வளவுதான். எத்தனை முறை தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. மூக்கின் மேல் வரிசையாகத் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகளோ பெரும்பாலும் பிளாக்ஹெட்கூட இல்லை. எண்ணெய் வெளியேறும் இயல்பான இழைகள்தான் அவை. பட்டை ஒட்டிப் பிடுங்கினால் சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும்.

பரம்பரைக்கும் இதில் பெரிய பங்குண்டு. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அந்த வயதில் கடுமையாகப் பரு வந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். பிள்ளையைக் குறைசொல்லும் முன் பழைய ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

முதல் படி: உங்கள் முகத்தில் இருப்பது எது

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, தொடாமல் பாருங்கள். கறுப்புப் புள்ளிகளும், தோல் நிறத்திலேயே இருக்கும் குட்டிக் குருக்களும் (இவற்றை ஒயிட்ஹெட் என்பார்கள்) அடைப்பு நிலையில் இருப்பவை. சிவந்து புடைத்தவை, சீழ் தலையோடு இருப்பவை வீக்க நிலைக்குப் போனவை. தோலுக்கு அடியில் பெரிதாக, கல் போல, தொட்டாலே வலிக்கிற கட்டிகள் மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகை ஒன்றிரண்டு தொடர்ந்து வந்தாலே கீழே சொல்லும் வீட்டுப் படிகளில் நேரத்தைச் செலவழிக்காமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அவைதான் குழித் தழும்பை விட்டுச் செல்பவை.

பரு போலவே தோன்றும் வேறு சிலவும் உண்டு. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் எல்லாமே ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு வந்தால் மலசீசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். பருவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் அதற்குக் கேட்காது, மோசமாகத்தான் ஆக்கும். மழித்த இடத்தில் மட்டும் வருவது பெரும்பாலும் உள்நோக்கி வளைந்த முடியால் வருவது. திடீரென்று ஒரே மாதிரியான பருக்கள் கூட்டமாகக் கிளம்பினால், சமீபத்தில் ஏதாவது மாத்திரை தொடங்கியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். ஸ்டீராய்டு, வலிப்புக்கான ஃபெனிடாயின், லித்தியம் ஆகியவை பருவைக் கிளப்பக்கூடியவை. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். தசை வளர்க்கவென்று உடற்பயிற்சிக் கூடங்களில் ரகசியமாகக் கைமாறும் ஊசி, மாத்திரைகள் என்றால் பதில் வேறு. அவற்றைத் தொடவே கூடாது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி நிறுத்துங்கள்.

பார்த்து முடித்ததும் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். முன்பக்கம், இரண்டு கன்னம், அதே இடம், அதே வெளிச்சம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுங்கள். தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்கு முன்னேற்றம் தெரியாது. படம்தான் உண்மையைச் சொல்லும்.

இரண்டாம் படி: நிறுத்த வேண்டியவற்றை நிறுத்துங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். பல பேருக்குப் பாதிச் சிவப்பு பருவால் வருவதே இல்லை, பருவுக்குச் செய்த வைத்தியத்தால் வருவது.

சொரசொரப்பான ஸ்கிரப், சுழலும் பிரஷ், ஆல்கஹால் கலந்து எரியும் டோனர் ஆகியவை வெளியே போகட்டும். பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடாவும்தான். பற்பசை தோலை எரித்துப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறையும் வரலாம். சமையல் சோடா காரத்தன்மை உடையது, தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. இரண்டுக்கும் ஒத்துவராது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. முகம் வெளுக்கும், பரு போகும், கறை மறையும் என்று ஒரே டியூபில் எல்லாம் தருவதாகச் சொல்லும் கலவை கிரீம்கள். இவற்றில் பலவற்றுக்குள் ஸ்டீராய்டு இருக்கும். டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது பருவுக்கான மருந்தில்லை. முதல் வாரம் முகம் பளபளவென்று ஆகிவிடும், வீக்கம் அமுங்கிவிடும். சிநேகிதிக்கும் சிபாரிசு செய்யத் தோன்றும். சில மாதங்கள் போனால் தோல் மெலிந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். கூட்டம் கூட்டமாகப் புதுப் பரு வரும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும், அதற்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். அப்படியே ஆண்டுகள் ஓடும். ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். பொருட்களின் பட்டியலே அச்சிடாத டப்பா என்றால் யோசிக்கவே வேண்டாம், குப்பைக்கூடைதான்.

மூன்றாம் படி: கழுவுதல், ஈரம், வெயில்

காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, வியர்க்க விளையாடிய பிறகு ஒருமுறை. அதற்கு மேல் கழுவ வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீர், விரல் நுனி, மென்மையான ஃபேஸ் வாஷ் போதும். சாதாரண சோப்புக் கட்டிகளின் பி.எச். அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் அளவு 5-ஐ ஒட்டி. கழுவியதும் முகம் இழுத்துப் பிடித்தது போல இருந்தால் அது சுத்தத்தின் அடையாளம் இல்லை, தோல் வறண்டுபோனதன் அடையாளம். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. பருவுக்கான மருந்துகள் எல்லாமே கொஞ்சம் வறட்சி தருபவை. மாய்ஸ்சரைசர் இல்லாமல் தொடங்கினால் இரண்டாவது வாரத்தில் தோல் உரிந்து, எரிச்சல் தாங்காமல் மருந்தையே தூக்கிப் போட்டுவிடுவீர்கள். ஜெல் அல்லது லோஷன் வடிவில், "நான்-காமெடோஜெனிக்" என்று அச்சிட்டதைத் தேடுங்கள். குழிகளை அடைக்காதது என்று பொருள். அந்தச் சொல் முழு உத்தரவாதம் தராது என்றாலும் தொடங்க அது போதும்.

காலையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன். மாநிறமும் கறுப்பும் உள்ள தோலுக்கு இது அழகுப் பொருள் இல்லை. பரு போன பிறகு விட்டுச் செல்லும் கறையை வெயில்தான் கெட்டிப்படுத்துகிறது.

தலைமுடிக்குத் தடவும் எண்ணெயும் மெழுகும் நெற்றியில் இறங்கினால் முடி ஓரமாக வரிசையாகக் குருக்கள் வரும். இரவில் தலையணை உறையிலும் ஒட்டும். மேக்கப் போடலாம், தவறில்லை. இரவில் முழுதாகக் கலைத்துவிட்டுத் தூங்க வேண்டும். ஹெல்மெட் பட்டை, முகக்கவசம், தோளில் உராயும் பைப்பட்டை ஆகியவை படும் இடத்தில் மட்டும் பரு வந்தால் உராய்வுதான் காரணம். பட்டையைத் தளர்த்துங்கள், துவைத்துப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: மருந்தை ஒன்றொன்றாகத் தொடங்குங்கள்

பருவுக்கு நிரூபணமான மேற்பூச்சு மருந்துகள் அதிகம் இல்லை, அது ஒரு நிம்மதி. நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

பென்சாயில் பெராக்ஸைடு பாக்டீரியாவைக் கொல்லும். அதை எதிர்த்துப் பழகிக்கொள்ளப் பாக்டீரியாவால் முடியவில்லை என்பது இதன் பெரிய பலம். 2.5%, 5%, 10% என்று கிடைக்கும். 10% வாங்கினால் நான்கு மடங்கு வேகம் என்று நினைக்கத் தோன்றும். 2.5% கிட்டத்தட்ட அதே அளவு வேலை செய்கிறது, எரிச்சல் மட்டும் குறைவு. ஓர் எச்சரிக்கை: இது துணியை வெளுக்கும். எனக்குப் பிடித்த நீலச் சட்டையின் காலர் ஒரே வாரத்தில் வெள்ளைத் திட்டுகளாகப் போனபோதுதான் நான் டியூபில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பருவுக்கு, இதே மருந்து கலந்த வாஷை இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவுவது வசதி.

அடாபலீன் ரெட்டினாய்டு வகை, அதாவது வைட்டமின் ஏ-யோடு தொடர்புடைய மருந்துக் குடும்பம். எட்டு வாரக் கதையின் தொடக்கத்திலேயே கைவைக்கும் மருந்து இது. செத்த செல்கள் ஒட்டிக்கொண்டு குழியை அடைப்பதைத் தடுக்கிறது, அதாவது இன்னும் பிறக்காத பருவுக்கான வைத்தியம். 0.1% ஜெல்லை அமெரிக்காவில் 2016 முதல் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். பல நாடுகளில் சீட்டு வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது.

சாலிசிலிக் அமிலம் 0.5% முதல் 2% வரை ஃபேஸ் வாஷ்களில் இருக்கும். எண்ணெயில் கரையக்கூடியது என்பதால் குழிக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். லேசான பிளாக்ஹெட்களுக்கு நல்லது, வீங்கிய பருவுக்குப் போதாது. அசலாயிக் அமிலம் மெதுவாக வேலை செய்வது, ஆனால் பருவோடு கறையையும் குறைக்கும். மாநிறத் தோலுக்கு நான் இதை முன்வரிசையில் வைப்பேன்.

எதில் தொடங்குவது? பெரும்பாலும் அடைப்புகளாக இருந்தால் அடாபலீன். சிவந்த பருக்கள் அதிகம் என்றால் பென்சாயில் பெராக்ஸைடு. இரண்டும் கலந்து இருந்தால் கடைசியில் இரண்டுமே தேவைப்படும், ஆனால் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. முகம் எரிந்தால் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

புதிய மருந்தை முதலில் தாடையோரம் சிறிது தடவி மூன்று நாள் பாருங்கள். கடுமையான வீக்கமோ அரிப்போ இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம். அடாபலீன் என்றால் இரவில் முகம் கழுவி, நன்றாக உலர விட்டு, பட்டாணி அளவு ஜெல்லை எடுத்து நெற்றி, கன்னங்கள், தாடையில் புள்ளி வைத்து முகம் முழுக்க மெல்லியதாகப் பரப்புங்கள். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு வேண்டாம். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதில் பலன் குறைவு. அடுத்த பரு எங்கே வரப்போகிறது என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் முகம் முழுக்க. மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பழகியதும் தினமும். எரிச்சல் அதிகம் என்றால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து என்று மாற்றிக்கொள்ளலாம்.

சரி, இனி வருவதுதான் எல்லோரும் கைவிடும் இடம். இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை தோல் உரியும், கொஞ்சம் சிவக்கும், சிலருக்குப் பரு முன்பைவிட அதிகமாகத் தெரியும். உள்ளே ஏற்கெனவே உருவாகி இருந்தவை வெளியே வந்துகொண்டிருக்கின்றன. மருந்து புதியவற்றைத் தடுக்கத் தொடங்கிவிட்டது, ஆனால் பழைய வரிசை காலியாக வேண்டும் அல்லவா. எட்டாவது வாரப் புகைப்படத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். 12 வாரம் ஆன பிறகே "இந்த மருந்து எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு வருகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு புது டியூப் மாற்றுகிறவர்கள் எந்த மருந்தையும் சோதித்துப் பார்த்ததே இல்லை.

கை செய்யும் வேலை

பிதுக்காதே என்று எழுதுவது சுலபம். கண்ணாடி முன் இரண்டு விரல் தானாகச் சேருவதை நிறுத்துவது கஷ்டம். அழுத்தும்போது சீழ் மேலே வருவது போலவே கீழேயும் போகிறது. குழியின் சுவர் உள்ளே உடைந்தால் இரண்டு நாளில் போக வேண்டிய பரு இரண்டு வாரம் தங்கும், பிறகு கறை, சில சமயம் குழி.

பழக்கத்தை நிறுத்த அறிவுரையைவிடச் சின்ன ஏற்பாடுகள் உதவும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சீழ் தலை தெரியும் பருவின் மேல் ஹைட்ரோகொலாய்டு ஒட்டுப்பட்டை போடுங்கள். அது கசிவை உறிஞ்சும், அதைவிட முக்கியமாக விரலைத் தடுக்கும். பெரிய, வலிக்கிற கட்டியாக இருந்து, முக்கியமான நாள் ஒன்று நெருங்கினால் தோல் மருத்துவர் அதற்குள்ளேயே மிகக் குறைந்த அளவு மருந்தை ஊசியால் செலுத்துவார். ஓரிரு நாளில் அமுங்கும்.

சாப்பாடும் தூக்கமும்

இங்கே பெரிய வாக்குறுதி எதுவும் தர மாட்டேன். 2002-ல் வெளியான ஓர் ஆய்வு, பப்புவா நியூ கினியாவின் கிட்டாவா தீவு மக்களிடமும் பராகுவேயின் ஆச்சே பழங்குடியினரிடமும் பருவே காணப்படவில்லை என்று சொன்னது. இரு மக்களும் பதப்படுத்திய உணவை அவ்வளவாகத் தொடாதவர்கள். அதை வைத்து உணவுதான் எல்லாம் என்று முடிவு கட்டிவிட முடியாது, மரபணுவும் வேறு. ஆனால் அதன் பிறகு நடந்த சோதனைகள் ஒரு திசையைக் காட்டுகின்றன. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகள் இன்சுலினைக் கூட்டும். இன்சுலினும் அதன் உறவுக்கார ஹார்மோனான ஐ.ஜி.எஃப்.-1-உம் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். இனிப்புப் பானங்களைக் குறைத்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. சிலருக்குப் பால், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பாலும், உடற்பயிற்சிக்குக் குடிக்கும் வே என்ற பால் புரதப் பொடியும் பருவைக் கூட்டுகின்றன. இரண்டு மாதம் விட்டுப் பாருங்கள், மாற்றம் இல்லையா, திரும்பச் சாப்பிடுங்கள். வளரும் வயதில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் தட்டு காலியாகிவிடும். எண்ணெய்ப் பலகாரம் நேராக முகத்தில் எண்ணெயாக வழிவதில்லை.

தேர்வு நேரத்தில் பரு கூடுகிறது என்று மாணவர்கள் சொல்வது மனப்பிரமை இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்து 2003-ல் வெளியான சிறிய ஆய்வும் அதையே கண்டது. தேர்வை ஒத்திப்போட முடியாது, குறைந்தபட்சம் இரவு மருந்தை ஒத்திப்போடாமல் இருக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போவது

மேலே சொன்ன கட்டிகள், தழும்பு விழத் தொடங்கியிருப்பது, 12 வாரம் ஒழுங்காகத் தடவியும் பலன் இல்லாதது, பருவால் வெளியே போகவே தயங்குவது. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் போகலாம். கடைசிக் காரணம் மற்ற மூன்றுக்குச் சமமானதுதான். ஒன்றுமுதல் ஏழு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பரு வந்தாலும், ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதால் உடனே காட்ட வேண்டும். திடீரென்று பருக்கள் புண்ணாகி, காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்தால் அன்றே போங்கள். அபூர்வம்தான், ஆனால் பதின்வயது ஆண்பிள்ளைகளுக்கு வரக்கூடியது.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. முதல் மாதவிடாய் வந்து சில ஆண்டுகள் ஆன பின்பும் சுழற்சி ஒழுங்கில்லை, தாடையிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளர்கிறது, கூடவே விடாத பரு என்றால் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்போது வைத்தியத்தின் பாதை வேறு, ஹார்மோன் மாத்திரைகள் அதில் வரலாம்.

மருத்துவர் டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அது பொதுவாக மூன்று நான்கு மாதத்துக்குத்தான். அதையும் தனியாகக் கொடுக்காமல் மேற்பூச்சு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிப்போகும். பழைய சீட்டை வைத்து நீங்களாக மறுபடி வாங்கிச் சாப்பிடாதீர்கள். பாக்டீரியா பழகிக்கொண்டால் பிறகு மருந்து கேட்காது.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மாத்திரை எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குகிறது. பல மாதம் சாப்பிட வேண்டும். பலருக்கு அதன் பிறகு பரு திரும்புவதே இல்லை. உதடு வெடிப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கும். ஈரலும் கொழுப்பும் எப்படி இருக்கின்றன என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். கருவில் உள்ள குழந்தைக்கு இது கடும் குறைபாடுகளை உண்டாக்கும் என்பதால், கர்ப்பம் தரிக்கக்கூடியவர்களுக்குப் பரிசோதனையும் கருத்தடையும் கட்டாயம், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை. மனநிலையில் மாற்றம் தெரிந்தால் வீட்டிலும் மருத்துவரிடமும் உடனே சொல்ல வேண்டும். பயமுறுத்தும் பட்டியல்தான். ஆனால் மருத்துவரின் கண்காணிப்பில் சரியான ஆளுக்குக் கொடுக்கும்போது இதற்கு இணையான மருந்து வேறில்லை. பயந்து இரண்டு வருடம் தள்ளிப்போட்டுத் தழும்போடு வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

பெற்றோர் படிக்க வேண்டிய பகுதி

சாப்பாட்டு மேசையில் பருவைப் பற்றிப் பேசாதீர்கள். உறவினர் வந்திருக்கும்போது பிள்ளையின் தாடையைத் திருப்பிக் காட்டாதீர்கள். "இந்த வயசில் எல்லோருக்கும் வரும், தானாகப் போய்விடும்" என்பது உண்மைதான், ஆனால் 14 வயதில் மூன்று வருடம் என்பது வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தானாகப் போகும் பரு தழும்பையும் தானாக எடுத்துக்கொண்டு போகாது.

தனியாக இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "இது உனக்குத் தொல்லையாக இருக்கிறதா?" ஆமாம் என்றால் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். புகைப்படத்துக்கு வர மறுப்பது, நண்பர்களைத் தவிர்ப்பது, பள்ளிக்குப் போகாமலிருக்கச் சாக்குச் சொல்வது ஆகியவற்றைக் கவனியுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அதை வயதுக்கோளாறு என்று தள்ளாமல் அன்றே மனநல உதவி தேடுங்கள்.

கறையும் குழியும்

பரு போன இடத்தில் தட்டையாக இருக்கும் பழுப்புக் கறை தழும்பு இல்லை. விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாது. அது மாதக்கணக்கில் தானாக மங்கும். சன்ஸ்கிரீன், அசலாயிக் அமிலம், அடாபலீன் ஆகியவை அதை வேகப்படுத்தும். விரலுக்குப் பள்ளமோ மேடோ தட்டுப்பட்டால் அதுதான் தழும்பு. ஊசி குத்தியது போன்ற ஆழக் குழி, ஓரம் நேராக இருக்கும் அகலக் குழி, அலை போல மடிந்த பள்ளம் என்று அதில் வகைகள் உண்டு. எந்த கிரீமும் குழியை நிரப்பாது. மைக்ரோநீடிலிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் சிகிச்சை), லேசர், சிறு அறுவை என்று வழிகள் இருக்கின்றன, ஆனால் புதுப் பரு வருவது நின்ற பிறகே அவற்றில் இறங்க வேண்டும்.

முகம் தெளிந்த பிறகு

பரு மறைந்ததும் முதலில் போவது ஆன்டிபயாட்டிக். பென்சாயில் பெராக்ஸைடை அடுத்துக் குறைக்கலாம். அடாபலீனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் என்பதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, பிறகு வாரம் இரண்டு மூன்று இரவுகளாக்கிப் பல மாதம் தொடரலாம். பெரும்பாலோருக்கு இருபதுகளின் தொடக்கத்தில் பரு அடங்கிவிடும். சிலருக்கு, பெண்களில் சற்று அதிகமாக, அதற்குப் பிறகும் நீளும்.

என்றைக்காவது முழுதாக நிறுத்திப் பார்க்கத் தோன்றினால், நிறுத்திய தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டாவது வாரம் முகம் தெளிவாக இருக்கிறதே என்று டியூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருந்தை நிறுத்திய அன்றைக்கு உருவாகத் தொடங்கிய அடைப்பு வெளியே தெரிய இன்னும் ஆறு வாரம் பாக்கி இருக்கிறது.